வாய் குறுகலா இருக்க, வாய்க்காலை வெட்டி என்ன பயன்?

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிற நாளில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தூர் சுங்கச்சாவடி, பரனூர் சுங்கச்சாவடி, சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டிகள் தேங்கி நிற்கும். மறுநாளே, "சாலையை இன்னும் அகலப்படுத்த வேண்டும்" என்று குரல் எழும். அகலப்படுத்துவது என்றால் யாருடைய இடத்தில்? சாலையோரம் இருக்கிற நம் வயலில்தான்.

மதுராந்தகம் பக்கம், இந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெல்லும் கத்திரி, வெண்டையும் வைத்திருக்கிறவன் நான். எங்கள் குழுவின் மாதக் கூட்டத்தில் இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ரோடு அகலமானா நமக்கும் நல்லதுதானே? நெரிசல் குறையும், காய் வாடாம போய்ச் சேரும். நாம ஏன் எப்பப் பார்த்தாலும் வேணாம்னே சொல்றோம்?"

நியாயமான கேள்வி. "விவசாயி என்றாலே எதிர்ப்பவன்" என்று பெயர் வாங்கிவிட்டால் நாம் சொல்கிற சரியான விஷயமும் காதில் ஏறாது. அதனால் நிலம் கொடுப்பதா, வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெரிசல் எங்கே பிறக்கிறது?

நெரிசல் பிறக்கும் இடம்

ஏரிப்பாசனம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடையில் வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், கடைமடைக்குப் போகிற வழியில் ஒரு குழாய்ப் பாலம் ஒரு அடி அகலத்தில் இருந்தால், அந்த ஒரு அடிக்கு எவ்வளவு தண்ணீர் போகுமோ அவ்வளவுதான் போகும். மிச்சம் பின்னால் தேங்கிக் கரையை உடைக்கும். வாய்க்காலின் அளவை முடிவு செய்வது அதன் குறுகலான இடம்.

சாலைக்கும் இதே கணக்குதான். முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. ஆக ஒரு தடத்தில் மணிக்கு 1,800 வண்டி போகலாம். இரண்டு தடம் என்றால் 3,600.

இப்போது பிரதான சாலையில் மணிக்கு 3,300 வண்டி வருகிறது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைப்போம். பக்கத்து அணுகுசாலையிலிருந்து, அதாவது சர்வீஸ் ரோட்டிலிருந்து, மணிக்கு 600 வண்டி உள்ளே நுழைகிறது. மொத்தம் 3,900. போகக்கூடியது 3,600. மிச்சம் 300 வண்டி ஒரு மணி நேரத்தில் தேங்கும். தடத்துக்கு 150 வண்டி, ஒரு வண்டிக்கு 8 மீட்டர் இடம் என்றால் 1,200 மீட்டர் நீளத்துக்கு வரிசை. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு 1,200 மீட்டர். இதற்கு விபத்தோ பண்டிகையோ தேவையில்லை. சேருகிற வாயில் கொஞ்சம் கூடுதலாக வந்தாலே போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நெரிசல் விழுந்தபிறகு அந்த வாயிலிருந்து வெளியேறும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். நின்று நின்று கிளம்புகிற வண்டி, ஓடிக்கொண்டே போகிற வண்டியைப் போல இடைவெளி இல்லாமல் போகாது. சாக்கு வாயில் ஒரே அடியாக நெல்லைக் கொட்டினால் பாதி வெளியே சிந்தும். நிதானமாகச் சரித்தால் அத்தனையும் உள்ளே போகும். அதே கதைதான்.

நம் சாலையில் வண்டி தேங்குகிற இடங்களை வரிசையாகப் பாருங்கள். சுங்கச்சாவடி, ஊருக்குள் திரும்புகிற சந்திப்பு, பேருந்து நிற்கிற இடம், அணுகுசாலை முடிந்து பிரதான சாலையில் சேருகிற முனை, கடைசியாக நகரத்தின் நுழைவாயில். எல்லாமே வாய்கள். இரண்டு வாய்களுக்கு நடுவில் வயல்களைக் கடந்து போகிற நீளமான சாலையில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அகலப்படுத்த நிலம் அதிகம் எடுப்பது அந்த நடுப் பகுதியில்தான்.

அகலப்படுத்திய இடங்களில் என்ன ஆச்சு?

"சரி, வாயையும் சேர்த்தே அகலப்படுத்திட்டா?" என்று அந்தத் தம்பி விடவில்லை. அதைச் செய்து பார்த்த ஊர்களும் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி ஃப்ரீவே என்று ஒரு சாலை. 2008-ல் விரிவாக்கம் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். செலவு சுமார் 280 கோடி டாலர். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அந்தச் சாலையில் காலை நெரிசல் நேரப் பயணம் 30 சதவீதமும், மாலைப் பயணம் 55 சதவீதமும் கூடிவிட்டது. பிரிட்டனில் அரசே அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று, புதிய சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்று 1994-லேயே அறிக்கை கொடுத்தது. டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2011-ல் எழுதினார்கள்: நகர நெடுஞ்சாலையின் நீளமும் தடமும் எந்த அளவுக்குக் கூடுகிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடுகிறது.

ஏன் இப்படி? இதற்கும் நம் ஊரிலேயே விடை இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு வந்த புதிதில், இனி தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று ஊரே பேசியது. தண்ணீர் கூடியதும் என்ன நடந்தது? கேழ்வரகும் கடலையும் விளைந்த இடத்தில் கரும்பு வந்தது. ஒரு போகம் மூன்று போகமானது. பக்கத்தில் இன்னும் பத்துக் கிணறு இறங்கியது. சில வருடத்தில் பழைய பற்றாக்குறையே திரும்பி வந்தது, ஆயிரம் அடி ஆழத்தில்.

சாலையும் அப்படித்தான். அகலமான புதிதில் வேகமாகப் போகலாம். அதைப் பார்த்து, ரயிலில் போனவர் காரை எடுப்பார். விடிகாலையில் கிளம்பியவர் எட்டு மணிக்குக் கிளம்புவார். "இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் தாம்பரம்" என்று சொல்லி விளைநிலத்தில் கல் நட்டு மனை விற்பார்கள். அங்கே குடிவருகிறவர்கள் அதே சாலையில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். இப்படியே கூடிக் கூடி, பழைய நெரிசல் வருகிற வரைக்கும் வண்டி கூடும்.

பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு நோக்கிப் போகிற பகுதியை எட்டு வழியாக்கினார்கள். பேருந்து நிலையமும் கிளாம்பாக்கத்துக்கு வந்து, 2023 டிசம்பர் கடைசியில் திறந்தாயிற்று. இப்போது அதே தடத்தில் தூண் நிறுத்தி உயர்மட்டச் சாலை போடுவது பற்றிப் பேசுகிறார்கள். எட்டு வழி போதுமானதாக இருந்தால் மேலே இன்னொரு சாலைக்கு என்ன தேவை?

வாயில் முறை வைத்த ஊர்

அகலப்படுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவிலேயே மினியாபொலிஸ்–செயின்ட் பால் என்ற இரட்டை நகரத்தில், பக்கச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிற வாய்களில் விளக்கு வைத்திருந்தார்கள். சுமார் 430 இடங்கள். பச்சை விழுந்தால் ஒன்றிரண்டு வண்டி ஏறலாம். அடுத்தது சில விநாடி காத்திருக்க வேண்டும். கொத்துக் கொத்தாக ஏறாமல் ஒவ்வொன்றாக ஏறும்.

"விளக்கால்தான் தாமதமாகிறது, எடுத்துவிடுங்கள்" என்று அங்கே எதிர்ப்பு வந்தது. அதனால் 2000-ல் அரசியல்வாதிகள் சொன்னபடி அத்தனை விளக்கையும் சில வாரங்களுக்கு அணைத்தே பார்த்தார்கள். என்ன நடந்தது? நெடுஞ்சாலையில் பயண நேரம் 22 சதவீதம் கூடியது. விபத்து 26 சதவீதம் கூடியது. போய்ச் சேர்ந்த வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது. ஒரு அடி சாலைகூடக் குறையவில்லை. முறை மட்டும்தான் போயிற்று. பிறகு விளக்கைத் திரும்பப் போட்டார்கள், காத்திருப்பு நேரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்து.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஏரியின் நீர்க்கட்டிதான் நினைவுக்கு வந்தார். ஏரியில் தண்ணீர் குறைந்த வருடத்தில் அவர் வாய்க்காலை அகலப்படுத்த மாட்டார். முறை வைப்பார். இந்த மடைக்கு இத்தனை நாழிகை, அந்த மடைக்கு இத்தனை நாழிகை. அப்போதுதான் கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேரும். முறை இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறப்பார்கள், யாருக்கும் உருப்படியாகப் பாயாது.

நம் ஊர்ச் சாலையில் நாளைக்கே விளக்கு வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அணுகுசாலை பாதியில் முடியாமல் தொடர்ச்சியாகப் போக வேண்டும். பேருந்து நிற்பதற்குப் பிரதான சாலையை விட்டு ஒதுங்கிய இடம் வேண்டும். ஏறுகிற வண்டி வேகம் பிடிக்கப் போதுமான நீளத்தில் சேர்ப்புத் தடம் வேண்டும். இதற்கெல்லாம் நிலம் வேண்டும்தான். ஆனால் வேண்டியது வாய் இருக்கிற இடத்தில் சில சென்ட். நீளத்துக்கும் இரண்டு பக்கமும் ஏக்கர் ஏக்கராகத் தேவையில்லை.

பேருந்தையும் மறந்துவிடக் கூடாது. ஒரு பேருந்தில் 50 பேர். அதே 50 பேர் காருக்கு இரண்டு பேராகப் போனால் 25 கார். ஒரு பேருந்து அடைக்கிற இடம் மூன்று காருக்குச் சமம் என்றாலும், அதே வாயில் எட்டு மடங்கு ஆட்கள் போகலாம்.

எட்டு வழிச் சாலையை நினைத்துப் பார்ப்போம்

2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை அறிவிப்பு வந்தபோது நம் இயக்கத் தோழர்கள் பலர் களத்தில் நின்றார்கள். 277 கிலோமீட்டர் நீளம், ஐந்து மாவட்டம், சுமார் 10,000 கோடி ரூபாய். விளைநிலமும் கிணறும் தென்னையும் மலையடிவாரக் காடும் அந்தத் தடத்தில் இருந்தன. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றி, சட்டப்படி திட்டத்தைத் தொடரலாம் என்றது. ஆனால் அவசரப்பட்டு வருவாய்ப் பதிவேட்டில் செய்த பெயர் மாற்றத்தை மட்டும் ஏற்கவில்லை.

அந்தச் சமயத்தில் நிலத்தையும் இழப்பீட்டையும் பற்றித்தான் அதிகம் பேசினோம். அது சரியே. ஆனால் இன்னொரு கேள்வியையும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சாலையின் சென்னை முனை எங்கே? தாம்பரம், வண்டலூர் பக்கம். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற அதே வாய். 277 கிலோமீட்டர் வேகமாக வந்து அங்கே நிற்பதற்கு ஐந்து மாவட்ட விவசாயி ஏன் நிலம் தர வேண்டும்?

வயலுக்கு என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைக்கு 15 மீட்டர் அகலம் கூடுதலாக எடுத்தால், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 15,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஹெக்டேர். நம் கணக்கில் 3 ஏக்கர் 70 சென்ட். இது சாலைக்கு மட்டும் போகிற நிலம். மேடு கட்ட எடுக்கிற ஏரி மண்ணும் சவுடும் தனி.

பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்புகளும் உண்டு. பத்து வருடமாக எருவும் இலைதழையும் போட்டு உயிராக்கிய மேல்மண்ணுக்கு வழிகாட்டி மதிப்பில் தனி விலை கிடையாது. சாலை மேடு உயர்ந்தால் மேற்கிலிருந்து ஓடி வருகிற மழைநீர் அங்கேயே தேங்கும். கிழக்கே ஏரிக்கு வரத்து குறையும். சிறுபாலம் போதிய அளவில், சரியான இடத்தில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் பயிர் அழுகும், மறுபக்கம் காயும். வீடு ஒரு பக்கம், நிலம் மறுபக்கம் இருக்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். நடுத்திட்டு மூடியதும் மாட்டை எங்கே கடத்துவது? டிராக்டர் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். அதற்குச் சோம்பி, எதிர்த்திசையில் ஓட்டி உயிரை விட்டவர்கள் சாலையோர ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார்களுக்கு நடுவே, கத்திரிக்காய் மூட்டையோடு மொபெட்டில் ஏறுகிறவருக்கு அந்தச் சேருகிற வாய் உயிர்ப் பிரச்சினை.

அறிவிக்கை வந்தால் என்ன செய்யலாம்?

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நடக்கிறது. மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதன் விதிமுறை வேறு. தேசிய நெடுஞ்சாலை என்றால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் 3ஏ அறிவிக்கை அரசிதழில் வரும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஒன்று தமிழில் இருக்க வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இந்த 21 நாள் ரொம்ப முக்கியம். "யாராவது வந்து சொல்வாங்க" என்று காத்திருந்தால் போய்விடும். அடுத்தது 3டி. அது வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் 3ஏ செல்லாது. நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது.

ஆட்சேபத்தில் "நிலம் தர மாட்டோம்" என்று ஒரு வரி எழுதினால் ஒரு வரியில் நிராகரிப்பார்கள். கேள்வியாக எழுதுங்கள். நெரிசல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஏற்படுகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? இந்த விரிவாக்கம் எந்த வாயில் போய்ச் சேருகிறது, அங்கே மணிக்கு எத்தனை வண்டி போக முடியும்? அந்த வாயை மட்டும் சரிசெய்தால் எவ்வளவு நிலம் மிச்சமாகும்? வரத்து வாய்க்கால்கள் எங்கெங்கே குறுக்கிடுகின்றன, சிறுபாலம் எத்தனை, எந்த அளவில்? மாடும் டிராக்டரும் கடக்கச் சுரங்கப்பாதை எங்கே?

இழப்பீட்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். ஆறுதல் தொகை நூறு சதவீதம். நிலத்தைத் துண்டாக்குவதால் மிச்ச நிலத்துக்கு ஏற்படும் சேதத்துக்கும் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிடலாம். கிணறு, குழாய், மரம், வேலி, தொழுவம், எருக்குழி எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து, எண்ணி எழுதி வையுங்கள். அளக்க வருகிறபோது எழுதாமல் விட்டது பிறகு கணக்கில் ஏறுவது கஷ்டம்.

நிலம் தப்பித்து, சாலை மட்டும் பக்கத்தில் வந்துவிட்டதா? அந்தப் பக்கம் உயிர்வேலியை அடர்த்தியாக்குங்கள். ஓரத்தில் கிளுவை, ஆடாதொடை, நொச்சி; உள்வரிசையில் பூவரசு, வேம்பு. தூசியும் புகையும் நேராகப் பயிரில் படாது. கீரையைச் சாலையோரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். அங்ககச் சான்று வாங்குகிறவர்கள் இடைவெளிப் பகுதியைக் காட்ட வேண்டியிருக்கும். இந்த வேலி அதற்கும் உதவும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ரோடே வேணாம்னு யாரும் சொல்லலப்பா. எங்க அடைக்குதோ அங்க சரி பண்ணு, அடைக்காத இடத்துல என் வயல எடுக்காதன்னுதான் சொல்றோம்." அடுத்த கிராம சபைக்கு முன்னால், உங்கள் ஊர் அருகே அணுகுசாலை சேருகிற முனையில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் நின்று வண்டிகளை எண்ணுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த எண்ணிக்கையோடு தீர்மானம் போட்டு அனுப்புங்கள். வெறும் எதிர்ப்பை ஒதுக்கி வைப்பது சுலபம். எண்ணிக்கையோடு வருகிற கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.